பாதிரி அப்துல்லா

ஜொகூர் பாருவில் ஜாலான் கெரெஜா என்றொரு தெரு இருக்கிறது. கெரெஜா என்றால் மலாயில் தேவாலயம். அங்கே 1883இல் எழுந்த கத்தோலிக்கத் தேவாலயத்துக்கு நிலம் கொடுத்தவர் ஒரு முஸ்லிம் மன்னர்: அப்போது மகாராஜா என்ற பட்டத்தோடு ஆண்ட அபு பக்கர். அந்தத் தெருவைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு புத்தகத்தின் நினைவு வரும். அது மன்னர் எழுதியது அல்ல. மன்னரின் ஆசிரியருக்கு மலாய் சொல்லிக்கொடுத்த முன்ஷி அப்துல்லா எழுதிய தன் கதை, ‘ஹிக்காயத் அப்துல்லா’.

1796இல் மலாக்காவில் பிறந்த அப்துல்லா பாதி நம் வீட்டுப் பிள்ளை. ஏமனிலிருந்து வந்த அவருடைய முப்பாட்டனார் நாகூரில் தமிழ்ப் பெண்ணை மணந்தவர். தாய் வழியோ இந்து சமயத்திலிருந்து இஸ்லாத்துக்கு வந்த குடும்பம். மலாக்கா வணிகர்கள் தமிழில்தான் கணக்கு வைத்தார்கள் என்பதால் தந்தை அவரை இரண்டரை ஆண்டு தமிழ் படிக்க வைத்தார். அந்தத் தமிழ் வீண்போகவில்லை. 1835இல் ஒரு தமிழ் நண்பரின் துணையோடு பஞ்சதந்திரக் கதைகளை மலாய்க்குக் கொண்டுபோனார்.

1815இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் மில்ன் மலாக்காவுக்கு வந்தபோது அப்துல்லாவுக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. மில்னுக்கு இவர் மலாய் சொல்லிக்கொடுத்தார். மில்னிடம் ஆங்கிலம் படித்தார். இங்கிலீஷ் படித்தால் கிறிஸ்தவனாகிவிடுவான் என்று ஊர் பேசியது. தந்தைக்குக் கோபம் வந்தது. மில்ன் தந்தையிடமே பேசி, தாம் கற்பிப்பது மொழியைத்தான், மதத்தை அல்ல என்று விளங்கவைத்தார். இந்த இடத்தை அப்துல்லா எழுதியிருக்கும் அழகை நான் பலமுறை நின்று ரசித்திருக்கிறேன். மில்ன் மகான், ஞானி என்று அடைமொழிகளை அவர் அடுக்குவதில்லை. மில்னுடைய சாந்தத்தை, கடுஞ்சொல் கலக்காமல் பேசும் முறையை, அருகில் உட்கார்ந்து பார்த்த மாணவனின் கண்ணால் சொல்கிறார். மேசைமேல் மல்லாந்து படுத்து யோசித்துவிட்டுத் திடீரென எழுந்து எழுதத் தொடங்கும், சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸையும் நமக்குக் காட்டிய கண் அது. ஒருவரை இவ்வளவு கவனமாக நினைவில் வைத்திருப்பதே பெரிய நன்றி என்று எனக்குப் படும்.

இதைவிடவும் எனக்குப் பிடித்த பகுதி தாம்சென் பாதிரியாரைப் பற்றியது. சுவிசேஷத்தை மலாயில் பெயர்க்கும் வேலையில் அப்துல்லா அவருக்குத் துணையாக இருந்தார். ஆங்கிலச் சொல் எந்த வரிசையில் நிற்கிறதோ அதே வரிசையில் மலாயும் நிற்கவேண்டும் என்று தாம்சென் பிடிவாதம் பிடித்தார். மலாய் நாக்கு அப்படிப் புரளாது என்று அப்துல்லா வாதாடிப் பார்த்தார், நடக்கவில்லை. அந்தப் பிழைகளுக்குத் தாம் பொறுப்பில்லை என்று கதையிலேயே பதிவுசெய்துவிட்டார். இன்னொருவருடைய வேதம் தன் மொழியில் வரும்போது பிழையில்லாமல் வரவேண்டும் என்று ஒரு முஸ்லிம் கவலைப்படுகிறார்! வாங்கிய உதவியை மறைக்கவுமில்லை, உதவியவரின் குறையை மழுப்பவுமில்லை. நன்றி என்றால் தலையாட்டுவது என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கங்களைப் படிக்கவேண்டும். இத்தனைக்கும் ஊரார் அவரைக் கேலியாக ‘பாதிரி அப்துல்லா’ என்றுதான் அழைத்தார்கள். அந்தப் பெயரோடு வாழ்ந்தவர் கடைசிவரை தொழுகையை விட்டவரல்ல. 1854இல் ஹஜ்ஜுக்குப் போனவர் அந்தப் பயணத்திலேயே இறந்தார்.

உன் கதையை எழுது என்று அவரைத் தூண்டியவரும் ஒரு பாதிரியார்தான், அமெரிக்கரான ஆல்ஃபிரட் நார்த். அதை அச்சிட்டவர் இன்னொரு பாதிரியார், பெஞ்சமின் கீஸ்பெரி. ஹைதராபாத்தில் பிறந்தவர், சிங்கப்பூரில் அப்துல்லாவிடம் மலாய் படித்தவர். மிஷன் 1840களில் ஆட்களைச் சீனாவுக்கு மாற்றியபோது இவர் மட்டும் மலாய்க்காரர்களோடு தங்கிவிட்டார். அச்சகம் நடத்தி அந்த வருமானத்தில் பள்ளியையும் நடத்தினார்.

1849இல் வெளிவந்த அந்தப் பதிப்பு கல்லச்சு. நம் ஊர்ப் பழைய அறபுத்தமிழ்க் கிதாபுகளைப் பார்த்தவர்களுக்கு அதன் அழகு தெரியும். ஈய எழுத்தில் கோத்தால் ஜாவியின், அதாவது மலாயை எழுதும் அரபு எழுத்தின், வளைவுகள் ஒன்றோடொன்று கைகோக்காமல் விறைத்து நிற்கும். கல்லச்சில் அந்தத் தொல்லை இல்லை. எண்ணெய்ப் பசையுள்ள மையால் எழுதியது சுண்ணாம்புக் கல்லில் பதிகிறது. கல்லை நனைத்து மை உருட்டினால் ஈரமான இடம் மையைத் தள்ளுகிறது, எழுத்து மட்டும் வாங்கிக்கொள்கிறது. எழுதிய கையின் அழுத்தமும் இழுப்பும் அப்படியே தாளில் வந்துவிடும். தொடக்கப் பக்கங்களுக்கு வண்ண வேலைப்பாடு வேறு, பழைய மலாய்ச் சுவடிகளைப் போல. இளமையில் படித்ததைச் சிலைமேல் எழுத்து என்பார்கள் நம் பெரியவர்கள். இளமையில் தனக்குப் படிப்பித்தவர்களைப் பற்றி எழுதிய ஒருவருக்கு அது உண்மையாகவே கல்லில் வாய்த்தது, அதுவும் ஒரு மிஷன் அச்சகத்துக் கல்லில்.

அதே கீஸ்பெரியிடம் படித்த பிள்ளைகளில் ஒருவர்தான் சிங்கப்பூரின் தெலுக் பிளாங்காவில் பிறந்தவரும் ஜொகூர்த் தலைவரான தெமெங்கோங்கின் மகனுமான அபு பக்கர். 1866இல் தஞ்சோங் புத்ரிக்கு ஜொகூர் பாரு என்று பெயர் சூட்டியவர், 1885இல் சுல்தான் ஆனவர். அப்துல்லாவின் மகன் முகமது இப்ராஹிமும் ஜொகூர் அரசுப் பணிக்கு வந்து டத்தோ பெந்தாரா டாலாம் என்ற உயர்நிலைக்கு ஏறினார். சுல்தான் 1892இல் தொடங்கிவைக்க, அவர் மறைவுக்குப் பின் 1900இல் நிறைவடைந்த பள்ளிவாசலைப் போய்ப் பாருங்கள். மினாராக்கள் இங்கிலாந்து மணிக்கூண்டுகளின் சாயலில் நிற்கும். இந்தச் சாயல் எங்கிருந்து வந்தது என்று அறுதியிட நான் முயலவில்லை. அங்கிருந்து பாங்கொலி கேட்கும்போது கீஸ்பெரியின் பள்ளிக்கூடம் மனத்தில் வந்துபோகும், அவ்வளவுதான்.

கீஸ்பெரி 1875இல் சிங்கப்பூர் பிரின்செப் தெருவில் தாம் கட்டிய மலாய்த் தேவாலயத்தில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோதே சரிந்து இறந்தார். அன்று அவர் பேசிய மலாய், ஒரு காலத்தில் அப்துல்லா கற்றுக்கொடுத்தது.