காமதேனுவும் கறவைப்பசுவும்: தோட்டக் கோயிற் சிற்பங்களை முன்வைத்து

கலையில் இடம்பெறும் பசுவைப் 'புனிதம்' என்னும் ஒரு சொல்லால் விளக்கி அமைவது நம் ஆய்வேடுகளில் வழக்கமாகிவிட்டது. நெகிரி செம்பிலான் தோட்டக் கோயில்களை நோக்குமிடத்து, இவ்விளக்கம் போதாது என்பது நம் கருத்தாகும்.

ஈண்டு இருவேறு மரபுகளை ஒப்பிடலாம். ஒன்று, மாமல்லபுரத்தில் கி.பி. 7ஆம் நூற்றாண்டில் பல்லவர் காலத்துச் சிற்பியர் பாறையில் செதுக்கிய கோவர்த்தனக் காட்சி. கண்ணன் மலையைத் தாங்கி நிற்க, ஆயன் ஒருவன் பால் கறக்கின்றான். பசு தன் கன்றை நக்குகின்றது. பெருமழைக்கிடையிலும் அன்றாட உழைப்பு நிற்கவில்லை. மற்றொன்று, பெண்முகமும் இறகும் மயில்தோகையும் கொண்ட காமதேனு. அது வேண்டியதை வேண்டியவாறு வழங்குவது. அங்குக் கறக்கும் கைக்கு இடமில்லை.

நாம் கண்ட அளவில், தோட்டக் கோயிற் சுதைகளில் பெரிதும் இடம்பெறுவன காமதேனுவும், குழலூதும் கண்ணனின் பின்னே நிற்கும் பசுவுமே. இரண்டிலும் கறப்பவர் இல்லை. இதன் காரணம் யாது?

தோட்ட மக்கள் இரப்பர் மரத்தைப் 'பால்மரம்' என்றனர். விடியுமுன் மரம் சீவி, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்து நிறுவைக்குக் கொண்டுசென்றனர். அப்பால் நிருவாகத்திற்குரியது. லயத்தின் பின்னே கட்டிய மாட்டின் பாலே அவர்தம் சொந்தப் பால். அதனை விற்ற காசு குடும்பச் செலவிற்கு உதவியது. இருவகைப் பாலும் கையுழைப்பால் வந்தவை. ஓய்வறியாத அக்கைகளே, கறவாமல் சுரக்கும் பசுவைக் கோயிலில் கூப்பி வணங்கின. ஆகவே, இக்காமதேனுவைச் செழிப்பின் குறியீடு என்பதினும் ஓய்வு வேட்கையின் குறியீடு எனல் பொருந்தும்.

இவ்வடிவம் தமிழகக் கோயில் மரபின்வழி வந்ததேயன்றித் தோட்டத்தில் தோன்றியதன்று என மறுக்கலாம். உண்மையே. எனினும், வடிவம் வந்த வழி வேறு. வணங்கியோர் அதில் கண்ட பொருள் வேறு.

பால்மரங்கள் நின்ற நிலத்தில் பின்னர்ச் செம்பனை வந்தது. நீலாய் போன்ற வட்டாரங்களில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. லயங்களோடு மாட்டுக்கொட்டகைகளும் மறைந்தன. எஞ்சிய கோயில்களில் குடமுழுக்குதோறும் சுதைகள் புதுவண்ணம் பெறுகின்றன. ஆனால், மரம் சீவியும் மாடு கறந்தும் வாழ்ந்தோர் குறைந்துவருகின்றனர். அவர்தம் வாய்மொழியைச் சிற்பங்களின் படங்களோடு சேர்த்துப் பதிவு செய்யும் பணியை ஆசிரியர்கள் மாணவர்க்கு வழங்குதல் வேண்டும். இன்றேல் எஞ்சுவது காமதேனு மட்டுமே. கறந்த கையை அறிவார் இரார்.