இருமனமும் மன்னிப்பும்: இரட்சணிய யாத்திரிகத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழ்க் கிறித்தவக் காப்பியங்களைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர் பலர், அவற்றில் வரும் பொறுமையையும் மன்னிப்பையும் திருக்குறளின் பொறையுடைமையோடு ஒப்பிட்டு, ‘இரண்டும் ஒன்றே’ எனக் கூறி அமைவது வழக்கம். இவ்வொப்பீடு மாணவர்க்கு எளிதாக விளங்கும். ஆயினும் அதனைத் தொடர்ந்து எழும் வினா எளிதன்று. திருப்பி அடிக்க இயலாதவன் பொறுத்துக்கொண்டான் என்றால் அதில் பெருமை யாது? பொறுத்தவன் உள்ளத்தில் பகை எஞ்சியிருந்தால் அதனையும் மன்னிப்பு எனலாமா? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின் பொறுத்தலையும் மன்னித்தலையும் பிரித்தறிதல் வேண்டும். எச். ஏ. கிருட்டிணப் பிள்ளை (1827–1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகத்தைக் களமாகக் கொண்டு இவ்வேறுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருமனம் என்னும் கருத்து

கிறித்தவ மறையில் மன்னிப்பைப் பற்றிப் பேசுமுன் உள்ளத்தின் நிலையைப் பற்றிப் பேச வேண்டியுள்ளது. யாக்கோபு தம் நிருபத்தில் இருமனமுள்ளவனைப் பற்றி இரண்டு இடங்களில் (1:8, 4:8) குறிப்பிடுகிறார். அவர் ஆளும் கிரேக்கச் சொல் ‘திப்சுகோஸ்’ என்பதாகும். ஈருயிர் உடையவன் என்பது அதன் நேர்ப்பொருள். தமிழில் அமைந்த ‘இருமனம்’ என்னும் தொடர் அதற்கு மிகப் பொருந்துகிறது. 86ஆம் சங்கீதத்தில் வேண்டுவோனும் தன் உள்ளத்தை ஒன்றாக்கித் தருமாறே இறைவனிடம் கேட்கிறான். பிளவுபட்ட உள்ளம் தன் முயற்சியால் மட்டும் ஒன்றுபடாது என்னும் எண்ணம் இவ்வேண்டுதலின் அடியில் உள்ளது.

இருமனம் என்பது வெறும் ஐயம் அன்று. ஒரே நேரத்தில் இரண்டு நேயங்களைப் பற்றி நிற்கும் நிலையே இருமனம். மன்னிக்க விரும்பும் மனமும், இழைக்கப்பட்ட தீங்கின் கணக்கை விடாது காக்கும் மனமும் ஒருவனிடமே உள்ளன. மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் வரும் கடன்பட்ட ஊழியன் கதை இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. அவன் பட்ட கடன் 10,000 தாலந்து. அவனுக்கு உடன் ஊழியன் தரவேண்டியது 100 தெனாரியம். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியத்துக்குச் சமம். ஒரு தெனாரியம் ஒரு நாட்கூலி. எனவே முன்னது பின்னதைப் போல் ஆறு இலட்சம் மடங்காகும். தனக்குக் கிடைத்த மன்னிப்பை ஏற்ற அதே நெஞ்சு, தான் அளிக்க வேண்டிய மன்னிப்பை மறுக்கிறது. பெறும்போது ஒரு மனமும் கொடுக்கும்போது மற்றொரு மனமும் கொண்ட இவனே இருமனமுள்ளவனுக்குத் தக்க சான்றாவான்.

பொறுத்தலும் மன்னித்தலும்

திருக்குறளின் 16ஆம் அதிகாரமாகிய பொறையுடைமை, தன்னை அகழ்வாரையும் தாங்கும் நிலத்தை உவமையாக்கித் தொடங்குகிறது. அடுத்த குறள், பிறர் செய்த மிகையைப் பொறுத்தலினும் மறத்தல் நன்று என்கிறது. பொறுத்தலோடு நில்லாமல் உள்ளத்தின் நினைவையும் தொட்ட திறத்தால் வள்ளுவரின் பார்வை மிக ஆழமானது என்பதை நாம் மறுக்க இயலாது. எனினும் அவ்வதிகாரத்தின் கவனம் பொறுப்பவனின் சால்பிலும் அவன் எய்தும் புகழிலுமே பெரிதும் நிலைகொள்கிறது. தீங்கு செய்தவன் என்ன ஆனான் என்பது அங்கு முதன்மையான வினா அன்று.

புதிய ஏற்பாட்டில் மன்னிப்பைக் குறிக்கும் கிரேக்க வினை ‘அஃபியேமி’ என்பதாகும். விட்டுவிடுதல், போகவிடுதல் என்பன அதன் அடிப்படைப் பொருள்கள். கடனை விடுவித்தலுக்கும் அச்சொல்லே வரும். இங்கு ஒரு சொல்லாட்சியைச் சுட்டுதல் தகும். மத்தேயு 6:12இல் எங்கள் கடனை மன்னியும் என வேண்டும் இடத்தில் ‘அஃபெஸ்’ என்னும் ஏவல் வடிவம் வருகிறது. உடன்பிறந்தான் உன்மேல் மனத்தாங்கல் கொண்டிருப்பதைப் பலிபீடத்தின் முன் நினைவுகூர்ந்தால் காணிக்கையை அங்கேயே விட்டுச் சென்று ஒப்புரவாகுக எனக் கூறும் 5:24இலும் இதே வடிவமே வருகிறது. காணிக்கையை விடுதலும் கடனை விடுதலும் ஒரே சொல்லால் உணர்த்தப்படுகின்றன. வழிபாட்டில் ஒரு மனமும் உறவில் வேறொரு மனமும் கொண்டு நிற்க இடமில்லை என்பது இதனால் பெறப்படும்.

ஆகவே பொறுத்தல் என்பது சுமத்தல். மன்னித்தல் என்பது இறக்கிவைத்தல். முன்னதில் சுமை சுமப்பவனிடமே இருக்கிறது. பின்னதில் சுமையும் நீங்குகிறது. கடன்பட்டவனும் விடுதலை பெறுகிறான்.

பனியனின் சிலுவையும் பிள்ளையின் சிலுவையும்

இரட்சணிய யாத்திரிகம், சான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உருவக நூலின் வழிநூலாகும். நற்போதகம் இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்து, 1894இல் நூலுருப் பெற்றது. ஐந்து பருவங்களும் 3,766 பாடல்களும் கொண்டது. பனியனின் கதையில் பயணி தன் முதுகுச் சுமையோடு சிலுவையடிக்கு வருகிறான். சுமை தானே கழன்று வீழ்கிறது. அங்குச் சிலுவை ஓர் இடமாக நிற்கிறதேயன்றி, அதில் அறையப்பட்டவரின் வரலாறு விரித்துரைக்கப்படவில்லை.

பிள்ளையவர்கள் செய்த பெரும் மாற்றம் இவ்விடத்திலேயே காணப்படுகிறது. குமார பருவத்தின் இரட்சணிய சரிதப் படலத்தில் இயேசு பெருமானின் பாடுகளைக் காப்பியக் கதையாகவே அவர் விரிக்கிறார். மூலநூலில் இல்லாத இச்சேர்க்கையைக் காப்பிய மரபுக்காகச் செய்த வருணனை விரிவு எனக் கொள்வாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. மன்னிப்பைப் பெறுதல் மட்டும் பேசப்பட்ட ஒரு கதையில், மன்னிப்பு எவ்வாறு அளிக்கப்பட்டது என்பதை இச்சேர்க்கையே காட்டுகிறது.

அப்படலத்தில் ஓர் இடம் சிறப்பாகக் கருதத்தக்கது. பகைவர் கயிற்றால் கட்டியபோது பெருமான் அதற்கு உடன்பட்டு நின்றார். கயிற்றை அறுக்க வலியின்மை அதற்குக் காரணம் அன்று. கட்டியவர்மேல் தாம் கொண்ட அன்பென்னும் கட்டிலிருந்து விடுபட மாட்டாமையே காரணம் எனக் கவிஞர் கூறுகிறார். முன்னுரையில் எழுந்த முதல் வினாவுக்கு இங்கு விடை கிடைக்கிறது. இயலாமையால் விளைந்த பொறுமையை மன்னிப்பென்று கவிஞர் கொள்ளவில்லை.

கம்பனில் தோய்ந்த நெஞ்சுக்கு இக்காட்சி அனுமன் கட்டுண்ட நிலையை நினைவூட்டும். சுந்தர காண்டத்தில் அனுமனும் அயன் படையின் ஆணையை மதித்தும், இராவணனைக் காணும் கருத்தினாலும் கட்டுண்டவனாகவே செல்கிறான். வலியுடையோன் கட்டுக்கு இசைந்து நிற்றல் இரண்டிடத்தும் பொது. ஆனால் அனுமனைக் கட்டுண்ண வைப்பது கடமை. இங்கே பெருமானைக் கட்டுண்ண வைப்பது பகைவர்மேல் கொண்ட அன்பு. கட்டுண்டவர்க்கும் கட்டியவர்க்கும் இடையே ஓர் உறவை நிறுவியதால் பொறுமை மன்னிப்பாக உயர்கிறது.

இக்கொடுமையைக் கண்ட நல்லோர், நிலம் பிளக்கவில்லையே, வானம் இடிந்து விழவில்லையே என வருந்துவதையும் கவிஞர் பாடுகிறார். வள்ளுவர் காட்டிய நிலம் அகழ்வாரைத் தாங்குவது. இந்நல்லோர் வேண்டும் நிலமோ தீயோரை விழுங்குவது. அவர்கள் பெருமானிடம் அன்பு உடையவர்களே. அவ்வன்பே அவர்களிடத்தில் அழிவை விரும்பும் சினமாகவும் மாறுகிறது. இருமனம் தீயோரிடம் மட்டும் உள்ளது அன்று, நல்லோரின் இரக்கத்துக்குள்ளும் அது ஒளிந்திருக்கும் என்பதை இக்காட்சி உணர்த்துவதாக நாம் கொள்கிறோம்.

கவிஞரின் உள்ளம்

கிருட்டிணப் பிள்ளை நெல்லைச் சீமையின் கரையிருப்பில் வைணவக் குடியில் தோன்றி, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். அவர் காப்பியத்தின் நடை கம்பனுடையது. இடையிடையே வரும் இசைப்பாக்களுக்கு அவர் இட்ட பெயரோ தேவாரம். சமயத்தால் கிறித்தவர், சொல்லால் வைணவர் எனக் கூறி அவரையே இருமனத்தினர் எனக் கொள்ளவும் இடமுண்டு.

நம் கருத்து வேறு. இருமனமுள்ளவன் இரண்டில் ஒன்றை மறைத்து வைப்பவன். பிள்ளையவர்களோ எதனையும் மறைக்கவில்லை. தாம் விட்டுவந்த மரபைத் தம் தமிழிலிருந்து அறுத்தெறியவும் இல்லை. அதன்மேல் கசப்புற்று அதன் அழகை மறுக்கவும் இல்லை. தாம் பெற்ற கல்வி முழுவதையும் புதிய நம்பிக்கையின் பணியில் ஈடுபடுத்தினார். பிளவுபட்ட உள்ளம் ஒன்றுபடுவதற்குப் பழைய நினைவுகளை அழிப்பது வழியன்று; அவற்றைப் பகையின்றி ஏற்பதே வழி என்பதற்கு அவருடைய நடையே சான்றாகிறது.

ஓர் எல்லை

இவ்வாறு பாராட்டும்போது, பயண உருவகத்துக்குரிய எல்லையையும் சுட்டுதல் நம் கடமையாகும். பயணி வழியில் பலரைச் சந்தித்துக் கடந்து செல்கிறான். தீங்கு செய்தவரோடு ஒரே வீட்டிலும் ஒரே தெருவிலும் வாழ்பவனுக்கோ அவரைக் கடந்துசெல்ல வழியில்லை. மன்னிப்பின் கடினமான பகுதி அங்குதான் தொடங்குகிறது. பனியன் 1684இல் வெளியிட்ட இரண்டாம் பாகத்தில், கணவனிடம் தான் நடந்துகொண்ட கடுமையை எண்ணி மனைவி வருந்தும் நிலையைக் காட்டுகிறார். முதற்பாகத்தின் கதைப்போக்கைத் தழுவிய தமிழ்க் காப்பியத்தில் இத்தகைய இல்வாழ்க்கைக் களம் விரிவு பெறவில்லை. பெருமானின் மன்னிப்பு பேரொளியோடு காட்டப்படுகிறது. எளிய மனிதர் ஒருவரையொருவர் மன்னிக்கும் தடுமாற்றம் அவ்வளவு காட்டப்படவில்லை.

நிறைவுரை

இதுகாறும் கூறியவற்றால், பொறையுடைமையும் கிறித்தவ மன்னிப்பும் உறவுடையன எனினும் ஒன்றல்ல என்பது புலனாகும். இவ்வேறுபாடு வகுப்பறையில் பெரிதும் வேண்டப்படுவதாகும். தீங்குற்ற மாணவனிடம் ‘பொறுத்துப் போ’ என்று மட்டும் கூறி அனுப்புதல் மன்னிப்பைக் கற்பித்தல் ஆகாது. ஏழெழுபது முறை மன்னிக்கச் சொல்லும் அதே மத்தேயு 18ஆம் அதிகாரம், அதற்கு முன்பே, குற்றம் செய்தவனிடம் தனித்துச் சென்று அக்குற்றத்தை எடுத்துரைக்கவும் சொல்கிறது. குற்றத்தைக் குற்றமெனக் கூறிய பின்னரே கடன் இன்னதெனத் தெரியவரும்; கடன் தெரிந்த பின்னரே அதனை விடுவிக்கவும் இயலும்.

பகை எஞ்சியிருக்கும் பொறுமையை மன்னிப்பு எனலாமா என்னும் இரண்டாம் வினாவுக்கு, அது மன்னிப்பு நோக்கிய தொடக்கமாகலாம், நிறைவாகாது என விடை கூறலாம். உள்ளத்தை ஒன்றாக்கித் தருக என வேண்டிய சங்கீதக்காரனும் அத்தொடக்கத்திலேயே நின்றவன். ஆகவே தொடக்கத்தில் நிற்பவனை இருமனத்தினன் என இகழாமல், நிறைவை நோக்கி உடன் நடத்திச் செல்வதே இக்காப்பியத்தைப் பயிற்றும் ஆசிரியரின் பணியாகும்.