நடக்காத போரின் நாவலாசிரியர்

முகுந்த் வரதராஜனைத் தாம்பரத்தில் யாரைக் கேட்டாலும் தெரியும். 2024இல் 'அமரன்' வந்த பிறகு கேட்கவே வேண்டாம். அவர் படித்த அதே சென்னைக் கிறித்தவக் கல்லூரியில், அவருக்கு அறுபது வருடம் முன்னால், ஒரு செங்கல்பட்டுக்காரர் படித்தார். பட்டம் வாங்காமலே ராணுவத்துக்குப் போனார். தரைப்படையின் தலைமைத் தளபதியாகவே ஆனார். ஜெனரல் கே. சுந்தர்ஜி. எங்கள் செங்கல்பட்டு வண்டியில் அவர் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மேஜரை நேசிப்பது சுலபம், அவர் களத்தில் செத்துப்போனார். ஜெனரல் உத்தரவு போட்டவர்.

மஹர் ரெஜிமெண்டில் தொடங்கிய காலாட்படைக்காரர் அவர். ஆனாலும் டாங்கிப் படைமீது தீராத காதல். 1984 ஜூனில் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்தபோது மேற்குக் கட்டளையகத்தின் தளபதி. 1986-87 குளிர்காலத்தில், ராஜஸ்தான் பாலைவனத்தில் 'பிராஸ்டாக்ஸ்' என்ற மாபெரும் போர்ப் பயிற்சி. அது பயிற்சிதானா என்று பாகிஸ்தானுக்குச் சந்தேகம் வந்து, இரண்டு படைகளும் எல்லையில் முறைத்துக்கொண்டு நின்றன. ஜியா உல் ஹக் கிரிக்கெட் பார்க்கிற சாக்கில் ஜெய்ப்பூருக்கு வந்துபோன பிறகுதான் சூடு தணிந்தது.

ஓய்வுக்குப் பிறகு, 1993இல், இவர் ஒரு நாவல் எழுதினார். 'பிளைண்ட் மென் ஆஃப் ஹிந்துஸ்தான்'. இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் அணு ஆயுதப் போர் மூண்டால் என்ன ஆகும் என்பது கதை. யானையைத் தடவிப் பார்த்த குருடர்கள்தான் தலைப்பில் இருப்பவர்கள். அணுகுண்டு விஷயத்தில் தெளிவான கொள்கையே இல்லாத இந்தியத் தலைமையைச் சொல்கிறார். நாவலாக அது தேறாது. பாத்திரம் என்று பேர்தான், ஆளாளுக்கு வகுப்பெடுக்கிறார்கள். ஆனால் வாதம் கூர்மையானது. 1981லேயே மாவ் போர்க் கல்லூரியில் இருந்துகொண்டு இதே கேள்வியை ஆய்வுத்தாள்களாக விவாதிக்க வைத்தவர், சும்மா கற்பனை பண்ணவில்லை.

என் பிரச்சினை வேறு. கற்பனையால் எழுத அவர் தேர்ந்தெடுத்தது நடக்காத போர். நடந்த போர், அதுவும் அவருடைய தாய்மொழி பேசுகிற ஊரில் நடந்தது, 1987 அக்டோபரில். புலிகளைச் சில வாரங்களில் அடக்கிவிடலாம் என்று அவர் கணித்ததாக, அன்று கொழும்பில் தூதராக இருந்த ஜே.என். தீட்சித் பின்னாளில் எழுதினார். யாழ் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படைப் பிளட்டூனில் ஒரே ஒருவர்தான் உயிரோடு மிஞ்சினார். பத்து நாள் கழித்து, தீபாவளியன்று, யாழ் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ராணுவம் அதை இருதரப்பு மோதல் என்றது. கடைசி இந்தியச் சிப்பாய் 1990 மார்ச்சில்தான் கப்பல் ஏறினான்.

பிறகு புத்தகங்கள் வந்தன. திபீந்தர் சிங், தீட்சித், ஹர்கிரத் சிங் என்று ஆளுக்கொன்று. ஒவ்வொன்றிலும் தப்பு இன்னொருவருடையது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மன் ஜெனரல்கள் இதை ஒரு இலக்கிய வகையாகவே ஆக்கினார்கள். 1951இல் கூடேரியன், 1955இல் 'இழந்த வெற்றிகள்' எழுதிய மான்ஸ்டைன். டாங்கிகளின் நகர்வு துல்லியமாக இருக்கும், தோல்விக்கெல்லாம் ஹிட்லர்தான் காரணம் என்று இருக்கும், கிழக்கில் அந்தப் படை சாதாரண ஜனங்களுக்குச் செய்தது மட்டும் இருக்காது. இவ்வளவுக்கும் மான்ஸ்டைன் போர்க்குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர். நான் இரண்டு ராணுவத்தையும் சமமாக்கவில்லை. ஆனால் கையைக் கழுவுகிற வாக்கியம் ஜெர்மனிலும் இங்கிலீஷிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

சுந்தர்ஜி தன் வாழ்க்கையை 105 அத்தியாயங்களாக எழுதத் திட்டமிட்டார். முடிந்தது 33. நரம்புநோய் உடம்பை முடக்க, 1999 பிப்ரவரியில் இறந்தார். நூல் அடுத்த வருடம் வந்தது.

அந்த அக்டோபரை உடனுக்குடன் பதிவு செய்தவர்கள் யாழ் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர். அவர்களில் ராஜினி திராணகம அங்கே உடற்கூறியல் கற்பித்தவர். 'முறிந்த பனை'யில் இந்திய ராணுவமும் தப்பவில்லை, புலிகளும் தப்பவில்லை. புத்தகம் அச்சாகி வருவதற்குள், 1989 செப்டம்பரில், வீட்டுக்குப் போகும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஜெனரலின் நாவலையும் இதையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். எது கற்பனையில்லாமல் எழுதப்பட்டது என்று குழம்புவீர்கள்.