எதிரிக்கும் ஒரு முகம்: உளவுப் படங்களும் நாமும்

ஹட்டன் பக்கத்துப் பாடசாலையொன்றில் தமிழ் படிப்பிக்கிறேன். ஒருநாள் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளோடு சினிமாவைப் பற்றிப் பேச்சு வந்தது. தோட்டத்திலிருந்து வரும் ஒரு பையன், நல்ல கெட்டிக்காரன், எழுந்து சொன்னான்: "உளவுப் படம்னா பத்து நிமிசத்துலயே வில்லன் யாருன்னு சொல்லிருவேன் சேர். தாடி வச்சிருப்பான், குண்டும் வச்சிருப்பான்." சொல்லி முடித்த பிறகுதான் என் தாடி அவன் கண்ணில் பட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். அவனோடு கோபிக்க என்ன இருக்கிறது? பார்த்த படங்கள் படிப்பித்த பாடத்தை ஒப்புவித்தான், அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பேச்சு மனதைவிட்டுப் போகவில்லை. உளவுப் படத்து வில்லன் எப்போதுமே இப்படித்தான் இருந்தானா?

இல்லை. இவ்வகைப் படங்கள் தழைத்தது, அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணுகுண்டைக் காட்டி ஒன்றையொன்று மிரட்டிய பனிப்போர்க் காலத்தில். ரஷ்யரைப் பூதமாகக் காட்டிய மலிவான படங்களுக்கு அன்றும் பஞ்சமில்லை. என்றாலும் இன்றுவரை நிலைத்து நிற்பவை வேறு. 1964இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த 'டொக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' படத்தில் அழிவைத் தொடக்கி வைப்பவர் பித்துப்பிடித்த ஓர் அமெரிக்க ஜெனரல். அதை முடித்து வைப்பது ரஷ்யர் செய்து வைத்த, யாராலும் நிறுத்த முடியாத ஓர் இயந்திரம். அங்கே வில்லன் எந்த நாட்டவனுமல்ல, குண்டும் அதைக் கட்டியாளும் மூடத்தனமும்தான். அடுத்த வருடம், ஜோன் லெ காரேயின் நாவலைக் கொண்டு 'த ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்' வந்தது. அதில் கிழக்கு ஜெர்மனியின் உளவு அதிகாரி ஃபீட்லர் நேர்மையானவர். அவரை அழிப்பது, தங்கள் கையாளான ஒரு கொடியவனைக் காப்பாற்றப் பிரித்தானிய உளவுத்துறை பின்னிய சதி. எதிர்முகாமில் நல்லவனும் தன் முகாமில் அழுக்கும் இருக்கலாம் என்று மேற்குலகக் கலைஞர்கள் அந்தப் போரின் நடுவிலேயே சொன்னார்கள். 2015இல் ஸ்பீல்பேர்க்கின் 'பிரிட்ஜ் ஒஃப் ஸ்பைஸ்' படமும் அதே வழியில்தான் போகிறது. அமெரிக்காவில் பிடிபட்ட சோவியத் உளவாளி ஏபெல், தன் நாட்டுக்கு உண்மையாக இருந்த ஒரு கண்ணியமான மனிதராகவே அதில் நம் மனதில் நிற்கிறார்.

இதை வெறும் பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். 1983 செப்டெம்பர் 26ஆம் திகதி சோவியத் அதிகாரி ஸ்டனிஸ்லாவ் பெட்ரோவின் திரையில், அமெரிக்க ஏவுகணைகள் ஐந்து வருவதாக எச்சரிக்கை விழுந்தது. போரைத் தொடங்குகிறவன் ஐந்தை மட்டுமா ஏவுவான் என்று யோசித்து, அது பொய் எச்சரிக்கை என்று அவர் முடிவெடுத்தார். அவர் நினைத்ததே சரியாக இருந்தது. செய்தியொன்று வந்தால், அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிடாதபடி தீர விசாரிக்கும்படி சூரத்துல் ஹுஜுராத் நமக்குச் சொல்கிறதல்லவா? எதிரியும் நம்மைப்போல் யோசிக்கிற மனிதன் என்ற நினைப்பு அன்று பல இலட்சம் உயிர்களைக் காத்தது.

அப்படியானால் தாடி எப்போது வந்தது? வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1987இல் வந்த ஜேம்ஸ் பொண்ட் படமான 'த லிவிங் டேலைட்ஸ்'இல் ஆப்கான் முஜாஹித்கள் பொண்டின் தோழர்கள். அவர்களின் தலைவர் ஒக்ஸ்ஃபோர்டில் படித்தவர். 1988இல் 'ரம்போ 3' படத்திலும் அவர்களே வீரர்கள். சண்டை ரஷ்யாவோடு என்பதால் அன்று தாடி அழகாயிருந்தது. 1991இல் சோவியத் யூனியன் கலைந்தது. மூன்றே வருடத்தில், 1994இல், 'ட்ரூ லைஸ்' வந்தது. அதில் அணுகுண்டைக் கையில் வைத்திருப்பது ஓர் அரபு ஆயுதக் குழு. குண்டு அதே குண்டு. கை மட்டும் மாறியது. ரஷ்யனுக்குக் கிடைத்த குழப்பமும் மனச்சாட்சியும் இந்தப் புதிய எதிரிக்குக் கிடைக்கவில்லை.

தமிழ்த் திரையிலும் இந்த மாற்றம் தெரிகிறது. 1986இல் கமல்ஹாசன் நடித்து, சுஜாதா எழுதிய 'விக்ரம்' படத்தில் ஓர் ஏவுகணை திருடுபோகிறது. அதைத் தேடிப்போக 'சலாமியா' என்று இல்லாத ஒரு தேசத்தையே கற்பனை செய்தார்கள். 2013இல் அதே கமலின் 'விஸ்வரூபம்' வந்தபோது கற்பனைத் தேசம் தேவைப்படவில்லை. ஆப்கானிஸ்தான், அல்கொய்தா, நியூயோர்க்கில் சீசியம் குண்டு என்று எல்லாமே சொந்தப் பெயரோடு வந்தன.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்பையடுத்துத் தமிழ்நாட்டு அரசு தடை விதித்தது. சில இடங்களை வெட்டவும் ஒலியை நீக்கவும் இணங்கிய பிறகு, பெப்ரவரி 7ஆம் திகதி படம் அங்கே திரைக்கு வந்தது. நாயகனே முஸ்லிம்தானே என்பது படத்தரப்பின் வாதம். அந்த வாதத்தைத்தான் நாம் விமர்சனமாக எதிர்கொண்டிருக்க வேண்டும். நாமோ கத்தரிக்கோலைக் கேட்டோம்.

நியாயமாகச் சொல்வதென்றால் அது கைதேர்ந்த படம். தற்கொலைத் தாக்குதலுக்கு அனுப்பப்படவிருக்கும் இளைஞன் சிறுபிள்ளைபோல் ஊஞ்சலாடும் காட்சியில் எனக்கு நெஞ்சு கனத்தது. என் குறை வேறிடத்தில். நாயகன் விசாம் நல்ல முஸ்லிம் என்பதை அந்தப் படம் எப்படி நிரூபிக்கிறது? அவன் உளவுத்துறைக்கு உழைக்கிறான், தன் சமயத்தவரை வேட்டையாடுகிறான். தேசத்துக்காகத் துவக்கு ஏந்தாத ஒரு முஸ்லிம், கடைக்காரரோ வாத்தியாரோ, அங்கே கதைக்குத் தேவைப்படவில்லை. ஏபெலிடம் யாரும் நல்லவன் என்ற சான்றிதழ் கேட்கவில்லை. விசாம் படம் முழுக்க அதைக் காட்டிக்கொண்டே இருக்கிறான். பத்துக் காட்சியை வெட்டினாலும் இந்த அமைப்பு மாறாது. 2018இல் மேக்னா குல்சார் எடுத்த 'ராஸி' என்ற ஹிந்திப் படத்திலும் நாயகி அந்தச் சோதனைக்கு உட்பட்டவள்தான். ஆனால் அவள் உளவு பார்க்கும் பாகிஸ்தான் வீட்டில் அன்பான மனிதர்கள் இருக்கிறார்கள். செய்து முடித்த பிறகு அவள் உடைந்து போகிறாள். அந்த அளவுக்காவது ஒரு வணிகப்படம் போக முடியும் என்பதற்கு அது சாட்சி.

"நீ யாருடைய ஆள்?" என்ற கேள்வி மலையகத்துக்குப் புதிதல்ல. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் இந்தத் தோட்டங்களிலிருந்த மக்களைப் பார்த்து அதைக் கேட்டது. 'ஸ்ட்ரேஞ்ச்லவ்' வெளிவந்த அதே 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று அவர்களைப் பங்கு பிரித்தது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு அதே கேள்வி நம் வாசலுக்கும் வந்தது. செய்யாத குற்றத்துக்கு விளக்கம் சொல்லி அலைந்த அந்த மாதங்களை நாம் மறந்திருக்க மாட்டோம்.

பிறகொரு நாள் அதே வகுப்புக்கு ஒரு கட்டுரை கொடுத்தேன்: உளவுப் படமொன்றில் வரும் வில்லனின் தாய், மகனுக்கு எழுதும் கடிதம். அந்தப் பையனின் கொப்பியில் இருந்த தாய் லயத்தில் இருக்கிறாள். விடிய முன்னம் எழும்பி மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறாள். "நேரத்துக்குச் சாப்பிடு, கண்டவனோட சேராத" என்று எழுதுகிறாள். முஸ்லிம் தாய் எப்படியிருப்பாள் என்று தெரியாமல், அவன் தன் அம்மாவையே கொடுத்திருந்தான். எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டு, முழுப் புள்ளி போட்டேன்.