347 ரூபாய் 12 அணா: கடிதங்கள் சொல்லும் கணக்கு

வரலாறு என்றதும் நமக்குக் கல்வெட்டும் செப்பேடும்தான் நினைவுக்கு வரும். அவை ஊரறியப் பொறிக்கப்பட்டவை. கடிதமோ ஒருவர் மட்டும் படிப்பதற்காக எழுதப்பட்டது. எனவே கல்வெட்டில் இடம்பெறாத பணமுடையும் மனத்தாங்கலும் கடிதத்தில் இடம்பெற்றுவிடுகின்றன.

ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'வ.உ.சி.யும் காந்தியும்: 347 ரூபாய் 12 அணா' (காலச்சுவடு, 2021) என்னும் நூலை இதற்குச் சான்றாகக் காட்டுவேன். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் வ.உ.சி.க்காகத் திரட்டிய பணம் காந்தியடிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 'அந்தப் பணத்தைக் காந்தி கொடுக்கவே இல்லையாமே' என்று நம்மவர்களிடையே நெடுங்காலமாக ஒரு பேச்சு உண்டு. மேடையில் பேசியே வளர்ந்த அந்தப் பேச்சை, இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களைக் கொண்டு இந்நூல் ஆராய்கிறது.

1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி., 1908-இல் சிறை சென்று 1912 டிசம்பரில் விடுதலையானார். வக்கீல் சன்னது பறிபோயிருந்தது, சென்னையில் வறுமை. 1915 ஏப்ரலில் காந்தி சென்னை வந்தபோது வ.உ.சி. அவருக்கு எழுதுகிறார். காலை ஆறு மணிக்கு வந்தால் சில நிமிடங்கள் ஒதுக்க முடியும் என்று பதில் வருகிறது. என் பேச்சு சில நிமிடத்தில் முடியாதே என்கிறார் வ.உ.சி. டிராம் வண்டிதான் இப்போது தமக்கு மோட்டாரும் கோச்சும் என்றும் எழுதுகிறார். கப்பல் ஓட்டியவர் டிராமுக்குக் காத்திருந்த கதையை எந்த வரலாற்றுப் பாடமும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. கேட்பது சந்திக்க நேரம். ஆனால் குரலில் கெஞ்சல் இல்லை.

பிறகு பணம் குறித்த விசாரிப்பு மாதக்கணக்கில் நீள்கிறது. கடைசியில் 1916-இன் தொடக்கத்தில்தான் 347 ரூபாய் 12 அணா வ.உ.சி.யின் கைக்கு வருகிறது. ஆகவே காந்தி கொடுக்கவில்லை என்பது பொய். அதற்காக, தாமதமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பசித்த வீட்டில் ஒரு மாதம் என்பது சின்ன விஷயமா? இருவரில் ஒருவரையும் குற்றவாளி ஆக்காமல், ஒருவரையும் தெய்வமாக்காமல் கணக்கை நேர்செய்வதே இக்கடிதங்களின் பயன் எனலாம். அந்த 12 அணாதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வதந்தி சில்லறை சொல்லாது, கடிதம்தான் சொல்லும்.

ஆனால் புலம்பெயர்ந்த நமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. கடிதத்தின் இரு முனையிலும் இருப்பவர்கள் பெரிய மனிதர்கள். பணம் கொடுத்தவர்கள்? 1860 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாக நேட்டாலுக்குக் கப்பலேறிய தமிழர்களும் அவர்கள் வழி வந்தவர்களும், பிழைக்கப்போன மற்றவர்களும் வாழ்ந்த மண் அது. பார்த்தறியாத ஒரு தலைவரின் குடும்பத்துக்காகக் காசு சேர்த்தவர்களின் மனத்தை அவர்கள் கைப்பட எழுதிய கடிதம்தானே காட்டும்? புகழ்பெற்றவர் கடிதத்தை உலகம் காப்பாற்றுகிறது. உழைப்பாளி கடிதத்தை வீட்டார்தான் காப்பாற்ற வேண்டும்.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருந்துவிட்டுப் பாலம் தாண்டி வாஷிக்கு வந்த குடும்பங்கள் நம்மிடையே பல. வீடு மாறும்போதெல்லாம் இன்லண்டு கடிதங்களும் மணியார்டர் ரசீதுகளும் ரத்திக்கடைக்குப் போய்விடுகின்றன. ஊருக்கு எவ்வளவு அனுப்பினோம், எதைச் சொல்லாமல் மறைத்தோம் என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது. பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் எடைக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். மும்பைத் தமிழர் வரலாற்றை நாளை எழுதவருபவருக்கு வேறு கல்வெட்டு கிடையாது.