ஒரே நேரத்தில் நாலு சுவெட்டர்

குன்னூரில் பெரியம்மா மகள், என் அக்கா வீட்டில் உட்கார்ந்து என் பின்னல் பையைத் திறந்தேன். ஒரு குழந்தைத் தொப்பி, கை வைக்காத ஒரு சுவெட்டர், முதுகுப் பக்கம் மட்டும் முடிந்த இன்னொன்று, அடிப்போடர் மாத்திரம் போட்ட நாலாவது. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மா சிரித்துவிட்டார். "எல்லாத்தையும் ஆரம்பிச்சுட்டு ஒண்ணையும் முடிக்கலையாங்க? அது சரி, சிலோன்ல ஏது அவ்வளவு குளிரு? கடல் ஊருதானே!"

கடல் ஊராம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. குன்னூரும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஊட்டிக்காரி சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டு கேட்டிருப்பேன். அது 2,240 மீற்றர், அங்கே புல்வெளி வெள்ளையாகிற காலையைப் படத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் தை மாதத்தில் எங்கள் பக்கமும் உறைபனி விழும். விழுந்த அன்று வெயில் ஏறியதும் பள்ளத்துத் தேயிலை மலைகளில் கொழுந்து நெருப்புப் பட்டதுபோல் கருகி நிற்கும். குளிரைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அந்த அம்மா கேட்ட முதல் கேள்விக்குத்தான் விளக்கமாகப் பதில் சொல்ல வேண்டும்.

நீலகிரியில் பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கிறது. தென்மேற்கு மழையும் அப்போதுதான் தொடங்கும். பிள்ளையின் சுவெட்டர் சீருடையோடு சேர்த்துக் கடையில் வாங்கியாகிவிடும், பெரும்பாலும் மெஷின் பின்னல். அதற்குப் பிறகு குளிர்காலத்துக்கென்று வீட்டில் பின்னுவது ஆசைக்குப் பின்னுவதுதான். எங்கள் நாட்டில் பள்ளி ஆண்டு வழமையாக ஜனவரியில் பிறக்கும். நத்தார், புது வகுப்பு, தைப்பொங்கல், உறைபனி எல்லாம் ஒரே வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு வரும். அதற்கு முன்னால் ஒக்டோபரிலிருந்து மழையும் மூட்டமும். பின்னியதைக் கழுவினால் அடுப்புக்கு மேல் கொடி கட்டித்தான் காயப்போட வேண்டும். ஆகவே கார்த்திகைக்கு முன்பே பள்ளிக்கூடத்து நீலம், பிறக்கப்போகும் பிள்ளைக்கு வெள்ளை, வீட்டுக்காரருக்குக் கையில்லாதது, அம்மாவுக்கு சால்வை என்று எல்லாவற்றுக்கும் கண்ணி போட்டுவிடுகிறோம்.

குன்னூரில் பார்த்த பின்னல் வேறு. ஒன்றைத் தொடங்கினால் அதை முடிக்கும்வரை அடுத்ததைத் தொடமாட்டார்கள். ஊசி அங்கும் இங்கும் ஒன்றுதான்: இந்தியாவில் செய்யும் போனி ஊசி, பழைய ஆங்கிலக் கணக்கு, எண் கூடக்கூட ஊசி மெலியும். போடருக்குப் பத்து, உடம்புக்கு எட்டு. நூலை வலது கையால் சுற்றிப் போடும் விதமும் ஒன்றேதான். நாங்கள் 'ஊல் நூல்' என்பதை அவர்கள் 'உல்லன்' என்கிறார்கள். எங்களுக்குக் கொன்வென்ட் சிஸ்டர்மார் வழியாக வந்தது 'பிளேன், பேர்ள்'. அக்காவோ 'சீதா, உல்ட்டா' என்று எண்ணுகிறாள்! வெலிங்டன் படைமுகாம் குன்னூரை ஒட்டியே இருக்கிறது. அங்கே ஒரு வடநாட்டு அதிகாரி வீட்டில் வேலை செய்தபோது அந்த வீட்டு அம்மாவிடம் கற்றாளாம். தலவாக்கலை லயத்தில் பிறந்தவள் இந்தியில் கண்ணி எண்ணுவதைக் கேட்க எனக்கு என்னவோபோல் இருந்தது.

நூல் விடயத்தில் அவர்களுக்கு அதிர்ஷ்டம். லுதியானா ஆலை நூல் கடையில் அடுக்கி வைத்திருக்கிறது. ஒரே சாயத் தொகுதியில் வேண்டிய உருண்டை முழுவதையும் ஒரே நாளில் வாங்கலாம். பின்னச் சலிப்பவர்களுக்கு ஊட்டி தாவரவியல் பூங்கா பக்கம் திபெத்தியர் சந்தை இருக்கிறது, ஆயத்த சுவெட்டர் வாங்க. பக்கத்து வீட்டு அம்மா இத்தோடு நிற்காமல், தங்கள் மலையின் தோடர் வேலைப்பாடு 2013 இல் புவிசார் குறியீடு பெற்றது என்றும் சொன்னார். உண்மைதான், அழகான வேலைதான். ஆனால் அது வெள்ளைத் துணியில் இழை எண்ணிக் கறுப்பும் சிவப்புமாகத் தைக்கும் பூத்தையல். அதைத் தன் சுவெட்டர் கணக்கில் சேர்த்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

எங்கள் பக்கத்தில் நூல் சம்பளத்துக்குச் சம்பளம்தான் வரும். பத்தாம் திகதி கடைக்காசு, சீட்டுக்காசு போக மிச்சமிருந்தால் ஓர் உருண்டை. அடுத்த மாதம் அதே நீலம் கடையில் இருக்காது; இருந்தாலும் ஒரு சாயை கூடும் அல்லது குறையும். நீலம் வரும்வரை வெள்ளை, வெள்ளை முடிந்தால் சால்வை. இதனால் கை ஓய்வதில்லை. எந்த வேலை எந்த நேரத்துக்கு என்ற கணக்கும் தானாக வந்துவிடுகிறது. இஸ்தோப்பில் நாலு பேரோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது வெறும் பிளேன் போகும் முதுகுப் பக்கம். பஸ்ஸில் மடியில் அடங்கும் தொப்பி. கழுத்துக்குக் கண்ணி குறைப்பது மட்டும் ஞாயிறு காலை, வெளிச்சத்தில், ஒருவரும் கூப்பிடாத நேரத்தில். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் காகிதம் குத்தியிருக்கும், எத்தனையாவது வரிசை என்று. ஒன்றையே கட்டிக்கொண்டு மாரடிப்பவர்களுக்கு இந்தச் சாமர்த்தியம் எங்கே வரப்போகிறது?

2022 இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது புது நூலைப் பற்றிய பேச்சே எடுபடவில்லை. நாங்கள் நுவரெலியாவின் பேல் கடைகளில் பழைய சுவெட்டர் வாங்கிப் பிரித்தோம். இதற்கும் கண் வேண்டும். முதலில் உள்பக்கம் திருப்பி விலாத் தையலைப் பார்க்க வேண்டும். வெட்டி ஓவர்லொக் அடித்ததாக இருந்தால் அப்படியே வைத்துவிட வேண்டும். பிரித்தால் ஒவ்வொரு வரிசையும் துண்டு துண்டாக வரும். ஓரம் முழுதாக இருந்து கண்ணியோடு கண்ணி கோத்திருந்தால் அதுதான் நமக்கு. தையலை நறுக்கிவிட்டு, தோள் பக்கமிருந்து இழுக்க வேண்டும். கீழ்ப்போடரில் தொடங்கினால் சிக்கும். சரியான நுனி அகப்பட்டுவிட்டால் முழு முதுகும் ஒரே இழையாகக் கழன்று வரும், இடியப்பம்போலச் சுருண்டு சுருண்டு. கதிரை முதுகில் சுற்றி, நாலு இடத்தில் கட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு அலசி, அடியில் ஒரு தண்ணீர்ப் போத்தலைத் தொங்கவிட்டால் மறுநாள் நேராகிவிடும். மெஷின் நூல் மெலிது என்பதால் இரண்டு இழை சேர்த்துப் பின்ன வேண்டும். சாம்பலோடு மெரூன் சேர்ந்து ஒரு நிறம் வரும் பாருங்கள், அந்த நிறம் லுதியானாவில் கிடைக்காது.

அக்காவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஒரு வேலையை மாதக்கணக்கில் ஊசியிலேயே விட்டால் நின்ற இடத்தில் கண்ணி இழுபட்டு ஒரு கோடு தெரியும், மறுபடி தொடங்கும் கைக்கு அதே இறுக்கம் வராது என்றாள். வரிசை நடுவில் நிறுத்தாமல் ஓரத்தில் நிறுத்தினால் அவ்வளவு தெரியாது என்றேன். கொஞ்சம் தெரியும்தான். அதற்குத்தானே அந்த இடத்தில் நிறம் மாற்றுகிறோம்! எங்கள் லயத்துப் பிள்ளைகளின் சுவெட்டரில் குறுக்கே கோடு கோடாக வருவதைப் பார்த்தே எந்த வீட்டுக் கை என்று சொல்லிவிடலாம். அங்கே எல்லாம் ஒரே நிறம், நெஞ்சில் ஒரு கேபிள் முறுக்கு. நேர்த்தி, இல்லையென்று சொல்லவில்லை.

பெரியம்மா குடும்பம் 1964 ஒப்பந்தத்தின் கணக்கில் தலைமன்னாரில் கப்பலேறியது. இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் ஐந்தேகால் இலட்சம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று பிரித்தார்கள். அந்தப் பிரிப்பில் பெரியம்மா அங்கே, என் அம்மா இங்கே. அக்கா அரசு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வும் பெற்றுவிட்டாள். இன்னமும் கடைவீதியில் அவள் 'சிலோன்காரம்மா'. என்னை இங்கே குடிசன மதிப்பீட்டில் நெடுங்காலம் 'இந்தியத் தமிழர்' என்றே எழுதினார்கள். ஆகவே பக்கத்து வீட்டு அம்மா 'சிலோன்ல ஏது குளிரு' என்றபோது எனக்கு முந்திக்கொண்டு அக்காதான் கோபப்பட்டாள். "எங்க லயத்துல விடியக்காலம் தண்ணியில கை வச்சுப் பாத்திருந்தா பேசமாட்டீங்க." பேரப்பிள்ளைகள் பெற்றபிறகும் 'எங்க லயம்' என்பது அவளுக்குத் தலவாக்கலைதான்.

திரும்புவதற்கு முன்பு அவள் மருமகளுக்கு ஒன்று செய்து காட்டினேன். சுவெட்டரின் இரண்டு கைகளையும் தனித்தனியே பின்னினால் இரண்டாவது எப்போதும் இரண்டு வரிசை கூடும் அல்லது குறையும். நாங்கள் நீள ஊசியொன்றில் இரண்டு கைக்கும் பக்கத்தில் பக்கத்தில் கண்ணி போட்டு, ஆளுக்கொரு உருண்டை கொடுத்து ஒன்றாகவே ஏற்றுவோம். ஒன்றில் கூட்டும்போது மற்றதிலும் கூட்டியாக வேண்டும், மறக்க வழியில்லை. ஒரே நேரத்தில் பலதைச் செய்கிறவர்களுக்குத்தான் இப்படித் தோன்றும் என்று கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். பிள்ளை கெட்டிக்காரி, உடனே பிடித்துக்கொண்டாள். இப்போது குன்னூரில் அந்தத் தெருவே அதற்கு 'சிலோன் கை' என்று பெயர் வைத்திருக்கிறதாம். எங்கள் சிஸ்டர்மார் வைத்திருந்த ஆங்கிலப் பின்னல் புத்தகத்திலிருந்து வந்த வித்தை அது. நான் ஏன் போய்த் திருத்த வேண்டும்?