வாலைப் பாருங்கள், வாலை!

வத்தலக்குண்டின் பெருமை என்ன என்று கேட்டால் வெற்றிலை என்பார்கள், சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர் என்பார்கள். நான் துரும்பன் பூனை என்பேன். ஆசியாவிலேயே மிகச் சிறிய காட்டுப்பூனை! வளர்ந்து முடித்ததே ஒன்றரைக் கிலோவைச் சுற்றித்தான். நம் வீட்டுப் பூனையில் பாதிதான் இருக்கும். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அது நிமிர்ந்து முறைக்கிற முறைப்பைப் பார்க்க வேண்டுமே!

காட்ரோடு பக்கம், மலையடிவாரத்து மாந்தோப்பு ஓரம், பைக் வெளிச்சத்தில்தான் பார்த்தேன். நின்றது, திரும்பியது, முள்ளுக்குள் போய்விட்டது. அவ்வளவுதான். ஆனால் வாலைப் பார்த்துவிட்டேன், அது போதும்.

ஏனென்றால் ஆளைக் குழப்புவதற்கென்றே இன்னொன்று இருக்கிறது: சிறுத்தைப் பூனை. இரண்டும் ஒரே பேரினம். இரண்டுக்கும் நெற்றியில் வெள்ளைக் கோடு, உடம்பெல்லாம் புள்ளி. முகத்தை மட்டும் பார்த்தால் யாரும் ஏமாறத்தான் வேண்டும். சிறுத்தைப் பூனையின் வாலில் புள்ளிகள் ஓடி, நுனிப் பக்கம் கறுப்பு வளையங்களாக முடியும். துரும்பன் வால் வெறும் வால். வளையம் இருந்தாலும் உற்றுப் பார்த்தால்தான் மங்கலாகத் தெரியும். அடுத்தது நிறம். சிறுத்தைப் பூனைக்கு மஞ்சள் பாய்ந்த உடம்பில் அழுத்தமான கறுப்புப் புள்ளி. துரும்பனுக்குச் சாம்பல் உடம்பில் துருவேறிய தகரம் மாதிரி செம்பழுப்புப் புள்ளிகள், வரிசை வரிசையாக. அந்த நிறத்துக்கே சொத்தை எழுதி வைக்கலாம்! சிறுத்தைப் பூனை திரும்பி ஓடினால் காதின் பின்பக்கம் வெள்ளைப் பொட்டும் தெரியும்.

இடமும் ஓரளவு காட்டிக்கொடுக்கும். சிறுத்தைப் பூனைக்கு ஈரக்காடு பிடிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் ரஷ்யாவின் கிழக்குக் கோடி வரை அதன் ராஜ்யம். துரும்பனுக்கு இந்தியா, இலங்கை, நேபாளம் மட்டுமே உலகம். முள்காடு, பாறை, தோப்பு என்று நம் அடிவாரம் மாதிரி வறண்ட இடமே அதற்குச் சொர்க்கம்.

இன்னொரு சந்தோஷம் சொல்கிறேன். 1831-ல் இசிடோர் ஜெஃப்ராய் சான்-இலேர் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தாரே, அதற்கு ஆதாரமான பூனை போனது நம் புதுச்சேரியிலிருந்து! உலகம் இதைத் தெரிந்துகொண்டதே நம் பக்கத்துப் பூனையால்தான்.

தென்னிந்தியக் கிராமங்களில் ஆள் இல்லாத வீட்டு மச்சில்கூட இது குட்டி போட்டிருக்கிறது. எலியைத் தின்று தீர்க்கும், சத்தமே காட்டாது. இப்படி ஒரு குடித்தனக்காரர் யாருக்குக் கிடைப்பார்? என் வீட்டு மச்சு காலியாகத்தான் கிடக்கிறது.